மூன்றாவது பாத்தி

காலை பத்து மணிக்கு மழை மூச்சு வாங்க நின்றது. அந்த இடைவெளியில் மாலக்கி பொக்லைனை மேற்குச் சரிவில் ஏற்றினான்.

பஞ்சத்தில் செத்தவர்கள் கடைசியாக உருளைக்கிழங்கு நட்ட பாத்திகள் குர்ட்னாமோனா என்ற அந்தச் சரிவில் இன்னும் புல்லுக்கடியில் விலா எலும்பாய்ப் புடைத்திருந்தன. நூற்றெழுபது வருடமாக யாரும் கை வைத்ததில்லை. குறுக்கே நடப்பவர்கள்கூடச் சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பசி பிடித்துக்கொள்ளும். பசிப்பது வேறு, பசி பிடிப்பது வேறு. பிடித்தவன் வாயில் அந்த ரொட்டி விழுந்தால்தான் விடும்.

"அண்ணே, இதையாவது பையில போட்டுக்க," என்று ரொட்டியை நீட்டினான் தம்பி ஃபின்டன்.

"நாலு சாசேஜ், ரெண்டு முட்டை உள்ள கிடக்கு. என்னைப் பிடிச்சா பேய்க்குத்தான்டா ஏப்பம் வரும். நீயே வச்சுக்க, பயந்தாங்கொள்ளி."

ஃபின்டன் வைத்துக்கொண்டான்.

இரண்டு பாத்திகள் சமமாயின. மூன்றாவதில் பொக்லைனின் வாளி இறங்கியதும் அழுகிய கிழங்கின் நாற்றம் குப்பென்று எழுந்தது.

இயந்திரம் நின்றது.

மாலக்கி இறங்கினான். மண்டியிட்டான். மண்ணை அள்ளித் தின்றான்.

விளையாடுகிறான் என்றுதான் ஃபின்டன் நினைத்தான். அப்புறம் கடக்கென்று ஒரு சத்தம். கல்லைக் கடித்ததில் அண்ணனின் முன்பற்கள் உடைந்து ரத்தத்தோடு வழிந்தன. அவற்றையும் பொறுக்கி விழுங்கினான்.

"அண்ணே, போதும்ணே!" ஃபின்டன் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினான்.

"பசிக்குதுடா."

சுண்டுவிரல் போயிற்று. மாலக்கி நிதானமாக மென்றான்.

அலறிக்கொண்டே ஃபின்டன் இன்னொரு கையால் பையைத் துழாவினான். ஒரே துண்டு. பாதி தனக்கென்று பிய்க்க நேரமில்லை. அண்ணன் மோதிர விரலுக்கு வந்துவிட்டான். முழுசையும் அந்த வாய்க்குள் திணித்தான்.

பை காலி.

மாலக்கி இருமினான். கண் தெளிந்தது. "டேய்... கையில என்னடா? எந்த நாய்டா கடிச்சது?"

"நீதான்."

மாலக்கி அழுதுகொண்டே தம்பியை உப்பு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினான். "டாக்டர்ட்ட போயிரலாம்டா. கண்ணை மூடிராத!"

ஃபின்டன் மூடவில்லை. மூக்கருகே அண்ணனின் காது குலுங்கிக்கொண்டே வந்தது. மறுபடி தொடங்கிய மழையில் கழுவி, சிவந்து, நல்ல சதைப்பிடிப்போடு. கை வலிப்பது நின்றுபோயிருந்தது.

"இந்தப் புல்லு முடிய இன்னும் எவ்ளோ தூரம்ணே?" மெல்லக் கேட்டான்.

"இருநூறு அடி இருக்கும். ஏன்டா?"

ஃபின்டன் உதட்டை இறுக மூடிக்கொண்டான். வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. பேசினால் அண்ணன் தோளில் வழிந்துவிடும்.