குதிகால் சாட்சி

குதிகாலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். குற்றாலநாதன் காலையிலிருந்து மூன்று முறை கழுவியாயிற்று. குடியுரிமை அலுவலகத்தின் வரிசையில் நின்றபோதும் செருப்பைக் கழற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அதுல என்ன எழுதியா இருக்கு? சும்மா நில்லுங்க," என்றாள் மனைவி வடிவு.

எழுதித்தான் இருந்தது. அதைப் படிப்பதற்கென்றே ஊர்மானி என்றொரு கருவி இருந்தது. குதிகால் எலும்புக்குள் மெல்லிய கதிரைச் செலுத்தி, கடந்த ஐந்து வருடத்தில் வளர்ந்த எலும்பு எந்த நாட்டுத் தண்ணீராலும் உணவாலும் ஆனது என்று அது விழுக்காட்டில் சொல்லிவிடும். மரேனா தீவு அரசு அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பணக்காரர்கள் தீவில் வீடு வாங்கிப் பூட்டிப்போட்டுவிட்டு, குறைந்த வரிக்காகத் தீவுக்காரர்கள் ஆனார்கள். வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் பொய் சொல்லின. எலும்பு சொல்லாது என்று அரசு நம்பியது. பாதிக்கு மேல் தீவினுடையதாக இருந்தால் குடியுரிமை, சாகும்வரை இலவச மருத்துவம். இல்லையென்றால் தொண்ணூறு நாளில் வெளியேற வேண்டும்.

இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்த குற்றாலநாதனுக்கு அந்த மருத்துவம்தான் வேண்டும். ஊரில் குடிநீர் வாரியப் பொறியாளராக இருந்து பெற்ற ஓய்வூதியம் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போதவில்லை. பாளையங்கோட்டை வீட்டை விற்று, தீவின் முதியோர் வைப்பு நிதியில் பணத்தைப் போட்டுவிட்டு இருவரும் வந்தார்கள். விண்ணப்பத்தோடு பழைய பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். அதையும் போன வாரம் கொடுத்தாயிற்று.

அவர் கவனமாகத்தான் இருந்தார். ஐந்து வருடமாகப் பொன்னி அரிசி வீட்டுக்குள் நுழையவில்லை. தங்கை அனுப்பிய வடகத்தைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். தீவுச் சோள மாவில் வடிவு சுட்ட தோசை செருப்புத் தோல் மாதிரி வந்தது. அதையும் தின்றார்.

முன்னால் நின்ற கோட்டுக்காரர் திரும்பினார். "தமிழா சார்? நான் அருணகிரி. துபாய்."

"துபாயா? அப்ப இங்க?"

"வருஷத்துல பத்து நாள் வருவேன். காத்து நல்லாருக்கும்."

"எலும்பு காட்டிக் குடுத்துருமே?"

அருணகிரி குரலைத் தாழ்த்தினார். "எலும்புக்கு என்ன சார் தெரியும்? நாம ஊத்துறதுதான் தெரியும். இந்தத் தீவுத் தண்ணிய மாசம் நாப்பது கேன் கப்பல்ல வரவழைக்கிறேன். குடிக்க, சமைக்க, டீ போட எல்லாம் அதுதான். சோறு கொஞ்சம்தான் சார் சொல்லும். மிச்சமெல்லாம் தண்ணி சொல்றதுதான்."

குற்றாலநாதனின் கை தானாகத் தோள்பைக்குள் போனது. பாட்டில் இருந்தது. ஹெல்மார்க் பனிநீர்.

முப்பத்திரண்டு வருடம் குடிநீர்க் குழாய்களோடு வாழ்ந்தவர் அவர். குழாய்க்குள் என்னென்ன ஓடும் என்று கண்ணால் பார்த்தவர். அதனால் எந்த ஊரிலும் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. தீவில் இறங்கிய முதல் நாளே, வடகோடியில் இருக்கும் ஹெல்மார்க் நாட்டின் பாட்டில் தண்ணீருக்குச் சந்தா கட்டினார். வடிவு கேலி செய்துவிட்டு, தான் மட்டும் குழாயில் பிடித்துக் காய்ச்சிக் குடித்தாள். வடக்கே போகப்போக மழைநீரில் கனமான ஆக்சிஜன் குறையும் என்று அவர் கல்லூரியில் படித்துத் தேர்வே எழுதியிருக்கிறார். ஆனால் கிருமி இருக்கிறதா என்று மட்டுமே தண்ணீரைப் பார்த்துப் பழகியவருக்கு, தண்ணீருக்கும் ஊர் உண்டு, அந்த ஊர் எலும்பில் படியும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

வரிசையை விட்டு விலகி வராந்தாக் குழாய்க்கு நடந்தார். இரண்டு கையாலும் ஏந்தி, மூச்சு முட்டக் குடித்தார்.

வடிவு பின்னாலேயே வந்தாள். "குழாய்த் தண்ணியா? நீங்களா? என்னங்க செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. தாகம்."

அருணகிரிக்கு எண்பத்து நான்கு வந்தது. கைகுலுக்கிவிட்டு விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார். வடிவுக்குத் தொண்ணூற்றொன்று. குற்றாலநாதனின் குதிகாலை ஊர்மானி இரண்டு முறை படித்தது.

அலுவலர் ஓர் இளம்பெண். அவள் பேசியதை மேசைமேல் இருந்த மொழிமாற்றி தமிழில் சொன்னது. "மரேனா முப்பத்தொன்பது. ஹெல்மார்க் ஐம்பத்திரண்டு. தாங்கள் ஹெல்மார்க்கில் எத்தனை ஆண்டுகள் வசித்தீர்கள்?"

"அந்தத் திசையில தலைவச்சுக்கூடப் படுத்ததில்லம்மா. அஞ்சு வருஷமா இங்கதான் இருக்கேன். தபால்காரரக் கேளுங்க. ரொட்டிக் கடையில கேளுங்க."

"தாங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் எலும்புக்கு எதிராக மனிதச் சாட்சி ஏற்கப்படுவதில்லை."

வடிவு மேசையில் கையை ஊன்றினாள். "நீயே தெனம் இவரப் பாத்திருப்பியேம்மா! காலையில உங்க ஆபீஸ் வாசல்லதான நடக்காரு! பத்து நாள் வந்துட்டுப் போறவனுக்குக் கைகுடுத்து அனுப்புத. இவரப் போகச் சொல்லுத. நல்லாருக்கா?"

மொழிமாற்றி அதையும் பெயர்த்துச் சொன்னது. அந்தப் பெண் தலை குனிந்தபடி ஒரு சீட்டை எடுத்தாள்.

தொண்ணூறு நாளுக்குள் ஒரு மறுசோதனை கேட்கலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் ஹெல்மார்க்கிலிருந்து கடிதம் வந்தது. ஊர்மானிகளின் முடிவுகளை நாடுகள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளும். தங்கள் உடலில் பெரும்பங்கு எங்களுடையது என்று அறிந்து மகிழ்கிறோம், குடியுரிமைக்குத் தாங்கள் முழுத் தகுதி உடையவர், மருத்துவம் இலவசம் என்றது கடிதம். ஓய்வூதியத்துக்கு ஐந்து வருட வருமான வரி நிலுவையில் இருப்பதையும் நினைவூட்டியது. துணைவருக்குச் சலுகை கிடையாது. அவருடைய குதிகாலும் தகுதி பெற வேண்டும்.

வடிவின் சீட்டில் ஹெல்மார்க்குக்கு நேரே பூஜ்ஜியம் போட்டிருந்தது.

குற்றாலநாதன் யாரிடமும் சொல்லாமல் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். மணிக்கு இரண்டு டம்ளர். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடக்கிற வழியிலெல்லாம் குடித்தார். தொண்ணூறு நாளில் எலும்பு எவ்வளவு வளரும் என்று கூட்டிப் பார்த்தார். போதவில்லை. மறுபடி கூட்டினார்.

ஒருநாள் மத்தியானம் காலி டம்ளரோடு சமையலறைக்குள் போனார். குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வடிவு தரையில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் மூன்று காலிப் பாட்டில்கள். நான்காவதை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹெல்மார்க் பனிநீர்.

"ஏ வடிவு, என்ன இது?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அங்க போயிட்டா நான் இங்க யாருக்குத் தோச சுட? எனக்கும் அங்க போகணும்லா." பிறகு அவர் கையைப் பார்த்தாள். "டம்ளர் எதுக்கு? தெனம் எதக் குடிக்கீங்க?"

"குழாய்த் தண்ணி."

"எத்தன நாளா?"

"கடுதாசி வந்ததுலேர்ந்து. உன்னய மாதிரிதான்."

குளிர்பெட்டியின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வடிவு எழுந்து இன்னொரு டம்ளர் எடுத்தாள். ஒன்றில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். மற்றொன்றில் பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"எதையாவது ஒண்ணச் சொல்லுங்க. ரெண்டு பேரும் அதையே குடிப்போம்."

குற்றாலநாதன் குனிந்து பார்த்தார். வாரியத்தில் இருந்தபோது செய்ததைப் போல ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், முகர்ந்தார். கீழே வைத்தபோது எது எந்த நாடு என்று அவருக்கே மறந்துவிட்டது. வடிவைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.

இருவருக்கும் தாகமாக இருந்தது. இருவரும் தொடவில்லை.