கோபேயில் மச்சாடோவின் விருந்து

வேலை இருக்கும் நாட்களில் பொற்கொடி காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. பசித்த வயிறு நிதானமாக மெல்லும், நிதானமாக மென்றால்தான் மறுமுனையில் இருப்பவருக்கு ருசி முழுதாகப் போய்ச் சேரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கோபேயின் மேட்டுத் தெருவில் ஏறி, உணவுக் கடையின் நீலத் துணித்திரையை விலக்கி உள்ளே போனாள். காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த சுவைமாற்றியைத் தொட்டாள். மெல்லிய மணியோசை கேட்டது. அதோடு அவள் நாக்கு மரத்துப்போனது.

"வந்துட்டியா தாயி?" என்றது காதுக்குள் ஒரு குரல்.

"உட்காந்துட்டேன் சார். உங்களுக்குப் பிடிச்ச ஓரத்து நாற்காலிதான்."

சேவியர் மச்சாடோ தூத்துக்குடியில் படுக்கையில் இருந்தார். ஜப்பானின் கோபேக்கும் இத்தாலியின் ஜெனோவாவுக்கும் இடையே ஓடிய சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். பக்கவாதம் வந்தபின் பேச்சு மிஞ்சியது, விழுங்கத்தான் முடியவில்லை. குழாய் வழியாக வயிற்றுக்குக் கஞ்சி போனது. வாய்க்கு மாதம் ஒருமுறை பொற்கொடி.

விமானங்கள் அருகிப்போன அந்தக் காலத்தில் இப்படித்தான் பலரும் வெளியூரில் சாப்பிட்டார்கள். ருசியின் நரம்புச் செய்தியைப் பிரதி எடுக்க யாராலும் முடியவில்லை, இடம் மாற்றத்தான் முடிந்தது. அது ஒரு நாக்கிலிருந்து இன்னொரு மூளைக்குப் போகும். போனபின் நாக்கில் எதுவும் மிஞ்சாது. பொற்கொடியின் வேலைக்குச் 'சுவைத்தூதர்' என்று பெயர். ஊர்க்காரர்கள் 'டேஸ்ட் புராக்ஸி' என்றார்கள். விருதுநகரில் அவள் வீட்டில் மாட்டிறைச்சி வழக்கமில்லை. அம்மா கேட்டபோது, "நான் எங்கம்மா சாப்பிடுறேன்? கொண்டுபோய்க் குடுக்குறேன், அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தாள். அதை அவளே நம்பவும் செய்தாள்.

கடையில் எட்டு நாற்காலிகள். நீண்ட மரப்பலகைக்கு அப்பால் ஹயாஷிதா நின்று சமைப்பார். இளமையில் இத்தாலியின் தூரின் நகரத்துச் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அன்றைக்கும் எட்டுப் பேரும் தூதர்கள். மாத்திரை விழுங்குகிறவர்களைப் போல முகத்தில் அசைவில்லாமல் மென்றார்கள். அவ்வப்போது காற்றோடு பேசிக்கொண்டார்கள். ஹயாஷிதா யாருடைய முகத்தையும் பார்க்காமல் சமைக்கப் பழகியிருந்தார்.

முதலில் காகிதம்போல் சீவிய பச்சை இறைச்சி வந்தது. மேலே ஆலிவ் எண்ணெய், முதிர்ந்த பாலாடைக்கட்டியின் துருவல், ஜப்பானிய மலைமிளகு. பொற்கொடிக்கு அது ஈரமான துணி.

"ஏ யப்பா," என்றார் மச்சாடோ. "அந்த மிளகு இருக்கே, நாக்கு நுனியில குறுகுறுங்குது. மெள்ள மெல்லு தாயி, ஓடிப்போயிரப் போவுது."

அடுத்து, எலும்பு மஜ்ஜையும் கடற்பாசிச் சாறும் சேர்த்துக் குழைய வேகவைத்த இத்தாலியச் சோறு. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஜெனோவாவுல மழை பெஞ்சிச்சு அன்னைக்கு," என்றார். எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. வாடிக்கையாளரின் நினைவுகளில் நுழையக் கூடாது என்பது விதி.

கரியடுப்பில் வாட்டிய இறைச்சியைத் துண்டு போட்டு ஹயாஷிதா வைத்தார். சுற்றிலும் கறுப்பு, நடுவே ரோஜா நிறம். பக்கத்தில் உப்பு, திராட்சைக் காடிச் சொட்டு. முதல் துண்டை அவள் மென்றபோது காதில், "ஆங்…" என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது துண்டை வாயில் வைத்தாள்.

நாக்கு விழித்துக்கொண்டது.

முதலில் உப்பு, பிறகு புகை. அதன்பின் அவளுக்குப் பெயர் தெரியாத ஒன்று, கொழுப்பு உருகி நாக்கின் இரு பக்கமும் இறங்கும் இனிப்பு. உடம்பு முழுக்கச் சந்தோஷம் பரவியது. கண் தானாக மூடிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே, மணியோசை கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. இணைப்பை நிறுத்தினால் மணி ஒலிக்கும். தூங்கினாலும் மயங்கினாலும் ருசி போய்க்கொண்டுதான் இருக்கும். மணி ஒலிக்காமல் ருசி தூதரிடம் திரும்புவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"சார்? மச்சாடோ சார்?"

கண்ணைத் திறந்தபோது ஹயாஷிதா இடுக்கியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு… ருசிக்கிறதா?" என்று ஜப்பானிய மொழியில் மெதுவாகக் கேட்டார்.

அவள் கையை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தூத்துக்குடி வீட்டுக்கு அழைத்தாள். மச்சாடோவின் மனைவி செலின் எடுத்தார்.

"அக்கா, சார் எப்படி இருக்காங்க?"

"படுத்திருக்காவ. கண்ண மூடிட்டு, மூஞ்சியில ஒரு சிரிப்பு. உன்கூட சாப்பிட்டுட்டுதான இருக்காவ?"

"கொஞ்சம் தொட்டுப் பாருங்கக்கா."

"சாப்பிடும்போது தொந்தரவு பண்ணாதன்னு சொல்லிருக்காவளே."

பொற்கொடி எச்சிலை விழுங்கினாள். அதிலும் ருசி இருந்தது. "அக்கா, ருசி எனக்கு வந்துருச்சு."

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது ருசி தூதருக்குத் திரும்பினால் என்ன அர்த்தம் என்று செலினுக்கும் சொல்லியிருந்தார்கள்.

"உனக்கா?"

"ஆமாக்கா."

நாற்காலி நகரும் சத்தம். "ஏங்க" என்று ஒருமுறை. பிறகு இன்னொரு முறை, தாழ்வாக. பொற்கொடி அழைப்பைத் துண்டிக்கவில்லை. மற்ற ஏழு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள். ஹயாஷிதா என்ன நடந்தது என்று ஊகித்துவிட்டார் போலும், அடுப்பின் காற்றுவாயை மூடினார்.

வெகுநேரம் கழித்துச் செலினின் குரல் வந்தது. அழுது முடித்த குரல் அல்ல, இனிமேல்தான் அழப்போகிற குரல்.

"கடைசியா என்ன சாப்பிட்டாவ?"

"கரியில வாட்டுன மாட்டுக்கறிக்கா."

"நல்லா இருந்துச்சாமா? என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. உனக்கென்ன தெரியும், நீ கஞ்சி வச்சவதானன்னு சிரிப்பாவ. நீ சொல்லு, எப்படி இருந்துச்சு?"

அவர் ருசித்தது முதல் துண்டை. அது எப்படி இருந்தது என்று பொற்கொடிக்குத் தெரியாது. இரண்டாவதன் ருசி அதற்குள் பயத்தில் பாதி கரைந்திருந்தது. தட்டில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. விதிப்படி இணைப்பு போனதும் தூதர் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அம்மாவிடம் சொன்ன வார்த்தையும் ஒரு கணம் மனதில் வந்துபோனது.

"ஒரு நிமிஷம் இருங்கக்கா," என்றாள்.

துண்டை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடி மெதுவாக மென்றாள். அவசரப்படாமல் விழுங்கினாள்.

"முதல்ல உப்பு தெரியுதுக்கா," என்று தொடங்கினாள்.