வெள்ளிதோறும் ஒரு குலை

வெள்ளிக்கிழமை, காலை மணி ஏழரை. கோலா பிலா செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் இருபது கிலோ மறுபடியும் காணவில்லை. தோட்டத்துத் தராசு காட்டியதைவிட ஒரு பழக்குலை குறைவு.

மூன்று வெள்ளியாக இதே கதை. முதல் லோரி எப்போதும் ஆறுமுகத்துடையது. எடை பார்த்துக் கணக்கு எழுதும் கிராணி அவன் மனைவி மயிலம்மாள். கூட்டுக் களவு என்று ஆலை இன்ஜினியர் திருநாவுக்கரசு முடிவுகட்டிவிட்டார்.

"இன்னியோட ரெண்டு பேருக்கும் வேலை இல்ல."

"வாரத்துக்கு ஒரே ஒரு குலையா சார்? வெச்சுக் கறியா ஆக்குறோம்?" என்றான் ஆறுமுகம்.

பள்ளி விடுமுறையில் பாரோய் வீட்டிலிருந்து கணவர் திருநாவுக்கரசோடு ஆலைக்கு வந்திருந்த கணினி ஆசிரியை நீலாவதிக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. எந்தத் திருடன் அளந்து திருடுவான்? அதுவும் நாள் பார்த்து?

மேசைமேல் இருந்த கணினியைப் பார்த்தாள். போன மாதம் பழைய கணினி இடியில் கருகிப்போனது. அதில் ஓடிய எடைக்கணக்கைப் புதியதிலும் ஓட்ட, புதியதைப் பழையதுபோலவே நடிக்க வைக்கும் நிரலைச் சி மொழியில் எழுதியவர் திருநாவுக்கரசு. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. திரையின் ஓரத்தில் விபூதிக் கீற்று.

"மயிலு, காலையில வந்ததும் என்ன செய்வீங்க?"

"கம்ப்யூட்டர் ஸ்விட்ச தட்டி எடை போடுவேன் டீச்சர். வெள்ளின்னா மட்டும் பிளாப்பியில பிள்ளையார் படம் போட்டு, ஊதுபத்தி காட்டிட்டு அப்புறம்."

"லோரியில எதையாச்சும் இறக்கினீங்களா?"

"இல்ல லா, அப்படியேதான் நிக்குது," என்றான் ஆறுமுகம்.

"மறுபடி நிறுங்க."

எடை சரியாக இருந்தது! நீலாவதி கணினியை அணைத்து மறுபடி போட்டு, பிள்ளையார் இல்லாமல் நிறுக்கச் சொன்னாள். சரி. மீண்டும் அணைத்துப் போட்டு, பிள்ளையாரைக் காட்டிவிட்டு நிறுத்தால், இருபது கிலோ குறைவு.

"பிள்ளையாரா எடுத்தாரு?" மயிலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அவர் சாட்சி. திருடன் எங்க வீட்டுக்காரர்."

"நீலா!"

"கேளுங்க. லோரி எடையைக் கழிக்கிறப்ப, முன்ன நடந்த கழித்தல்ல கடன் வாங்கினோமான்னு சொல்ல நினைவகத்துல ஒரு மாறி வெச்சிருக்கீங்க. பழைய கணினியில ஸ்விட்ச் போட்டதும் அது தானா பூஜ்யமாயிடும். நீங்க ஆரம்ப மதிப்பே கொடுக்கல. சி மொழி தானா துடைச்சுத் தராது. முன்ன அந்த இடத்துல இருந்தது எதுவோ, அதுவே கிடக்கும்."

"கழுவாத வாளியில பால் எடுத்த மாதிரி," என்றாள் மயிலம்மாள்.

"அதேதான்! மத்த நாள்ல வாளி காலி. வெள்ளியில பிள்ளையார் படத்தோட மிச்சம். அதைக் கடன்னு நம்பி ஒரு படி கூடுதலா கழிக்குது. இந்த மேடைக்கு ஒரு படின்னா இருபது கிலோ. முதல் கழித்தல் முடிஞ்சா சரியான மதிப்பு வந்திடும். ரெண்டாவது லோரிக்கு ஆபத்தில்ல."

திருநாவுக்கரசு கணினி முன் உட்கார்ந்தார். நிரலில் இருந்த ஒவ்வொரு மாறிக்கும், ஒன்றுவிடாமல், ஆரம்ப மதிப்பு எழுதினார். பிறகு பிள்ளையார் வந்தார், லோரி ஏறியது. குலைகள் எல்லாம் கணக்கில் இருந்தன.

"மன்னிச்சிருப்பா ஆறுமுகம்."

மயிலம்மாள் ஊதுபத்தியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே காட்டுங்க சார். இன்னிக்கு ஒரு பாவத்துலேருந்து அவர் காப்பாத்துனது உங்களத்தான்."