கேட்டால் அமுக்குங்கள்

அவள் சத்தமே அனுப்பவில்லை. ஆனாலும் பச்சை விளக்கு எரிந்தது.

காது டெஸ்ட் எடுக்கிற வேலையில் பன்னிரண்டு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். வருகிறவரைச் சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துக் கதவைச் சாத்துவாள். வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து, அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். உள்ளே கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் மெஷினில் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் சமாச்சாரம். கேட்காததையும் கேட்டதாக அமுக்கி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைப் பிடிப்பதற்காகவே நடுநடுவே எதையும் அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்படி இருந்தபோதுதான் விளக்கு மூன்று தடவை எரிந்து அணைந்தது. சற்றுப் பொறுத்து இன்னும் ஒரு தடவை.

உள்ளே இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். இடப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ வாசலில் நிற்பதுபோலத் தலையை லேசாகச் சாய்த்திருந்தார்.

கதவைத் திறந்தாள். "எதுக்கு சார் அமுக்குனீங்க? நான் ஒண்ணுமே அனுப்பலையே."

"கூப்பிட்டுச்சே."

"யாரு?"

அவர் அவளைப் பாவமாகப் பார்த்தார். "ஊருக்குப் புதுசாம்மா? பழகிடும்."

வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இந்த வேலைக்காக அவளும் கணவனும் எட்டு வயது மகளும் மூட்டை முடிச்சோடு குடிபெயர்ந்திருந்தார்கள். விடிந்ததும் ஜன்னல் வழியாக நுழைகிற வெயில் சாயங்காலம்வரை வீட்டைவிட்டு நகராது; உப்பு வாடை துணியில், தலையணையில், குடிக்கிற தண்ணீரில்கூட ஏறியிருந்தது. அதற்காகக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அவர்கள் 'வாலு' என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்து இருந்த இழுப்பு இங்கே வந்த நாலாம் நாள் நின்றுபோயிருந்தது. பெற்ற வயிறு குளிராமல் இருக்குமா? கணவன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். இனி இந்த ஊரைவிட்டு நகர்வதாக இல்லை என்று முடிவே கட்டிவிட்டான்.

தபால்காரருக்குப் பிறகு வந்த தையல்கார அம்மாவும் அமுக்கினாள். மூன்று. ஒன்று. மறுநாள் பள்ளி வேன் டிரைவர். மூன்று, ஒன்று. மெஷினில் கோளாறு என்று ஒயரைப் பிடுங்கி மாற்றினாள். ஹெட்ஃபோனைத் தன் காதில் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தாள். தன் எச்சிலை விழுங்கும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. எல்லாருமே இடப்பக்கம் திரும்பினார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு நடைவழி, அதற்கப்பால் தெரு, அதற்கப்பால் கடல்.

நேரத்தை எழுதிவைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துவிட்ட ரிசப்ஷன் பெண் பேனாவை மெதுவாக வாங்கி மூடி போட்டாள்.

"அதெல்லாம் எழுதாதீங்கக்கா. இங்க எல்லாருக்கும் கேக்குறதுதான். வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"உனக்குமா?"

"எனக்குமா-வா? நான் இங்கயே பிறந்தவக்கா." சிரித்தாள். "குழந்தைங்களுக்குச் சீக்கிரம் வந்துரும்."

அவள் பேனாவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். என்ன விளையாட்டு இது, காதில் பூ சுற்றுகிறார்களா என்று கோபப்பட்டுப் பார்த்தாள். கோபம் நிற்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். வாலு சாப்பாட்டு மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கணவன் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டே எதற்கோ மூக்கால் அழுதுகொண்டிருந்தான். திடீரென்று குழாய்ச் சத்தம் நின்றது. பென்சில் சத்தமும் நின்றது. மகளின் இடது கட்டைவிரல் மேஜையை அமுக்கியது. மூன்று. ஒன்று. கணவன் ஈரக்கையோடு கடல் பக்கம் திரும்பி நின்றான். பிறகு குழாய் ஓடியது. பென்சில் ஓடியது.

"என்னங்க பாத்தீங்க?"

"எங்க? ஒண்ணும் பாக்கலையே."

"வாலு, கையை எதுக்குடி அப்படி வச்ச?"

"பதில் சொன்னேன்மா," என்றாள் மகள், கடலுக்கு நீலம் அடித்துக்கொண்டே.

அன்று மாலையே அவள் சொல்லிவிட்டாள்: வேலையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், கிளம்பலாம். கணவன் கோபப்படவில்லை. எதற்கெடுத்தாலும் வரிந்துகட்டிக்கொண்டு வருகிற மனுஷன், அவள் தலையை வருடிக்கொடுத்தான். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"பயந்துட்டியா? உனக்கு இன்னும் கேக்கல, அதான். கேட்டா சரியாயிடும்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடம் போய், காய்ச்சல் என்று பொய் சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டாள். பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். கண்ணைக் கூசவைக்கிற வெயில். தார் உருகும் வாடை, உப்பு வாடை, எங்கோ துணி துவைத்த சோப்பு வாடை. மகளின் கை வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. பழக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஸ்கூட்டரில் போனவள் காலை ஊன்றி நின்றாள். தெரு முழுக்க ஒன்றும் அசையவில்லை. எல்லார் முகமும் ஒரே பக்கம்.

மகள் அந்தப் பக்கம் இழுத்தாள். எட்டு வயது இழுப்பு இல்லை அது. அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"விடும்மா. ரொம்ப நேரமாக் கூப்பிடுது."

எங்கே போவது? சத்தம் நுழையாத இடம் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். கிளினிக் இரண்டு கட்டடம் தள்ளி. மகளைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு அரக்கப் பரக்க ஓடினாள். ஆள் யாரும் இல்லை. சின்ன அறைக்குள் புகுந்தாள். கனத்த கதவைச் சாத்தினாள்.

அமைதி.

நாற்காலியில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்து, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினாள். பஞ்சுச் சுவரின் தூசி வாடை. மகளின் தலையில் வெயில் வாடை. விரல் அசைகிறதா? இல்லை. அசையவே இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

"கேக்குதாடி?"

"இல்லம்மா. இப்ப எங்களைக் கூப்பிடல."

எங்களை.

நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் தையல்கார அம்மா. பின்னால் ஆட்கள். இன்னும் ஆட்கள். மகளை இறக்கிவிட்டுக் கதவுக்கு ஓடிக் கைப்பிடியை அழுத்தினாள். நகரவில்லை. வெளியே யாரோ பிடித்திருந்தார்கள். எட்டிப் பார்த்தாள். கணவன். வீட்டுச் செருப்போடு வந்திருந்தான். அவளைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தான்.

அடித்தாள். கத்தினாள். அவள் குரல் பஞ்சுக்குள்ளேயே போய்விட்டது.

ரிசப்ஷன் பெண் வந்தாள். டெஸ்ட் எடுக்க அவள் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் விளக்கையே பார்த்தார்கள்.

மகள் அவளைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்து மடியில் ஏறிக்கொண்டாள். பட்டனை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலடி. சத்தியமா ஒண்ணும் கேக்கல."

"பரவால்லம்மா. இருப்போம்."

வெளியே யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். வெயில் அவர்களுடைய தலைகளுக்கு மேலே மெதுவாக நகர்ந்தது. வெகுநேரம் கழித்து மகள் மடியிலிருந்து இறங்கிக் கண்ணாடி அருகே போனாள். தன் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வெளியே இருந்தவர்களைப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையசைத்தாள்.