கரிமேட்டுக்குக் காப்பு

கணபதி என்னும் ஊரில் கனிஷ்காவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு மேடு இருந்தது. பக்கத்துப் பவுண்டரியில் இரும்பு வார்த்த பிறகு மிஞ்சும் கரித்தூள் கலந்த மணலைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடு அது.

முன்பெல்லாம் காற்றடித்தால் போதும். கொடியில் காயும் சட்டை, தட்டில் இருக்கும் சோறு, எல்லாம் கறுப்பாகிவிடும். தம்பி நிதீஷ் இருமி இருமி அழுவான், பாவம். பவுண்டரி முதலாளி சுந்தரராஜுலு நர்சரியிலிருந்து கன்றுகள் வாங்கி நட்டுப் பார்த்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

மணல் கொட்டுவது நின்றதும், யாரும் அழைக்காமலே எருக்கு வந்தது. பின்னாலேயே பூளையும் ஆவாரையும் வந்தன. வேர்கள் மணலைப் பிடித்துக்கொண்டன. தம்பியின் இருமலும் குறைந்தது.

இன்று போகி, தீங்கு அண்டாமலிருக்க வாசலில் பூவும் இலையும் சேர்த்துக் காப்புக் கட்டும் நாள். மதியம் மேட்டருகே ஜேசிபி வந்து நின்றது.

"ஏனுங்ணா, எதுக்குங்க இது?" என்று டிரைவரைக் கேட்டாள் கனிஷ்கா.

"போகியல்ல கண்ணு! குப்பைச் செடியெல்லாம் வழிச்சுப்போடச் சொல்லீட்டாருங்க மொதலாளி."

கனிஷ்கா தம்பி இருந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் இருமலா?

அப்போது சுந்தரராஜுலு வியர்க்க விறுவிறுக்க ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"மூணு மார்க்கெட் சுத்தியாச்சு! பூளைப்பூ ஒரு கட்டுக்கூட மிச்சமில்லீங்க. சாயங்காலம் பவுண்டரிக்கு எதை வச்சுக் காப்புக் கட்டறது?"

கனிஷ்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பூளைப்பூவும் ஆவாரம்பூவும் ஒடித்து, வீட்டு வேப்பிலையையும் சேர்த்துக் கட்டி நீட்டினாள்.

"அட! எங்க கிடைச்சுது அம்மணி?"

"நீங்க வழிக்கச் சொன்ன குப்பையிலதானுங்க மாமா."

முதலாளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்தச் செடிகதானுங்க மணலைப் பிடிச்சு வச்சிருக்குது. இது போச்சுன்னா தம்பிக்கு மறுபடியும் இருமல் வந்துபோடுமுங்க." கனிஷ்கா மேட்டைக் கைகாட்டினாள்.

சுந்தரராஜுலு மேட்டை நிமிர்ந்து பார்த்தார். "நான் தண்ணி ஊத்தி வளர்த்தது செத்துப்போச்சு. இது தானா வந்து நிக்குது, பாருங்களேன்!" என்றார். பிறகு டிரைவரிடம், "வண்டியத் திருப்பீருங்க தம்பி" என்றார்.

மாலையில் பவுண்டரி வாசலில் காப்புக் கட்டியவர், இன்னொரு கட்டோடு மேட்டுக்கு வந்தார். "இதுவும் நம்ம இடந்தானுங்களே அம்மணி."

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காப்புக் கட்டுவது ஊர் வழக்கம். கரிமேட்டு எருக்கஞ்செடிக்குக் காப்புக் கட்டியது அதுதான் முதல்முறை. இறுக்கி முடிச்சுப் போட்டவள் கனிஷ்கா.