சிறுநீரகத்தை வேண்டாமென்ற மறுகுரல்

மோகனசுந்தரத்துக்குக் கிடைக்க வேண்டிய சிறுநீரகத்தை அவருடைய குரலே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அவர் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஈரோட்டில் டயாலிசிஸ் கட்டிலில் கையை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். போன் வெளியே மனைவி கோகிலவாணியின் கைப்பையில் இருந்தது. அது அடிக்கக்கூட இல்லை. தானே எடுத்து, தானே பேசி, தானே வைத்துவிட்டது. சாயங்காலம் கோகிலவாணி தற்செயலாக அழைப்புப் பதிவைத் தட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"வணக்கம். தங்களுக்குப் பொருந்தும் சிறுநீரகம் ஒன்று கோவை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்கிறீர்களா?"

"அடடா, பரவாயில்லைங்க! எனக்கென்னங்க அவசரம்? மத்தவங்களுக்குக் குடுங்க."

அச்சு அசல் அவர் குரல். அந்த 'அடடா'கூட அவருடையதுதான். கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்ததுக்கு இதுங்களா பலன்? அது என்ன கல்யாண வீட்டுச் சாப்பாடுங்களா, அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றதுக்கு?" என்று அழுதாள்.

மறுகுரல் என்பது அந்தக் காலத்தில் எல்லார் போனிலும் குடியிருந்த ஒரு பொறி. நீங்கள் வருடக்கணக்காகப் பேசிய பேச்சையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு, நீங்கள் எடுக்க முடியாத அழைப்புக்கு நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லும். மோகனசுந்தரம் அதை வேண்டாமென்று அணைத்து வைத்திருந்தவர். காலேஜ் நாளிலிருந்து அவர் செவ்வலை கம்பெனி வாடிக்கையாளர். செவ்வலையை நெடுந்தொலை விழுங்கியது. நெடுந்தொலையும் மிச்சமிருந்த இன்னொன்றும் சேர்ந்து ஓரலை ஆகின. மனுஷன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, கம்பெனிதான் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் 'வாழ்த்துகள்' என்று ஒரு செய்தி வரும். கடைசி வாழ்த்தின் அடியில், மறுகுரல் இனி எல்லாருக்கும் உண்டு, இலவசம் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை எந்தப் புண்ணியவான் படிப்பான்? படித்தாலும் ஓடிப்போய்ச் சேர வேறு கம்பெனி ஏது?

மறுகுரல் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். ஈரோட்டுப் பக்கத்து மனுஷர்களிடம் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நாக்கு வறண்டு கிடந்தாலும் "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்பார்கள். கேட்டவர் "அட, ஒரு வாய் குடிங்க" என்று வற்புறுத்த வேண்டும். அப்புறம்தான் டம்ளரைக் கையில் வாங்குவார்கள். முதல் தடவையே சரி என்றால் அலைகிறான் என்று பேராகிவிடும். மோகனசுந்தரம் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், போனில் ஆயிரம் பேரிடம் இப்படிப் பேசியவர். மறுகுரல் அந்த முதல் மறுப்பை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியதும் ஒரு பொறிதான். அதற்கு வற்புறுத்தத் தெரியாது. ஒரு தடவை கேட்டது, மறுப்பைக் குறித்துக்கொண்டது, அடுத்த ஆளைக் கூப்பிட்டது. அத்தோடு 'தானே மறுத்தவர்' என்று மோகனசுந்தரத்தின் பெயரை வரிசையின் கடைசிக்கும் தள்ளியது.

கடைசி என்றால் அவர் உடம்பு தாங்காது. டாக்டர் அதை ஒளிக்காமலே சொல்லிவிட்டார். பழைய இடம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் அந்தப் பதில் தவறு என்று ஓரலை சான்று தர வேண்டும்.

புகார் கொடுத்தார்கள். மறுநாளே 'தீர்ந்தது' என்று செய்தி வந்தது. திரும்பக் கொடுத்தார்கள், திரும்பவும் தீர்ந்தது. என்ன கூத்து என்று கேட்க இருவரும் ஓரலையின் அலுவலகத்துக்கே போனார்கள். கவுன்ட்டரில் ஹரிணி என்ற பெண் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"புகாரை விசாரிக்க உங்க நம்பருக்குக் கூப்பிட்டிருக்காங்க சார். நீங்கதான் பரவாயில்லைங்க, விடுங்கன்னு சொல்லியிருக்கீங்க."

"நான் எங்கம்மா சொன்னேன்? போன் என் கையிலயேதான இருந்துச்சு!"

"கம்பெனி, ஆஸ்பத்திரி அழைப்பை எல்லாம் மறுகுரலே எடுத்துரும் சார். உங்க நேரம் வீணாகக் கூடாதுன்னு கம்பெனிங்க ஒண்ணாச் சேர்ந்ததுக்கு அப்புறம் வந்த வசதி."

"அப்ப அந்தக் கருமத்தை அணைச்சு விடு கண்ணு!" என்றாள் கோகிலவாணி.

ஹரிணி அணைக்கப் போனாள். அணைக்க வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டுமாம். இயந்திரம் அவர் எண்ணைக் கூப்பிட்டது. அவருடைய சட்டைப் பையிலிருந்து அவர் குரலே கேட்டது: "இருக்கட்டும்ங்க, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

கோகிலவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஹரிணிக்கே மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். கோவை ஆஸ்பத்திரியில் வாய்மொழிப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. மூச்சையும் தொண்டை நடுக்கத்தையும் அளந்து, பேசுவது ஆளா பொறியா என்று பார்க்கும். அதன் முன்னால் நின்று, அது என் பதில் இல்லை என்று வாயால் சொன்னால் போதும், ஓரலையின் சான்று உடனே வந்துவிடும். "ஆனா ஒரே ஒரு தடவைதான் கேக்கும் சார். முதல்ல சொல்றதுதான் கணக்கு."

பஸ்ஸில் வழி நெடுக கோகிலவாணி அவரைச் சொல்லவைத்துக்கொண்டே வந்தாள். "எங்க, இன்னொருக்காச் சொல்லுங்க."

"அது என் பதில் இல்லை."

"கெஞ்சாதீங்க. கடனைத் திருப்பிக் கேக்கறாப்பல சொல்லுங்க."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கோடியில் பெட்டி இருந்தது. மோகனசுந்தரம் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அதே நேரம் ஓர் அம்மாள் தாழ்வாரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தலை கலைந்திருந்தது, கண்ணில் தூக்கமே இல்லை.

"நீங்கதானுங்களா மோகனசுந்தரம்? நர்ஸம்மா காட்டினாங்க. உங்களுக்கு வந்ததை எம் பையனுக்கு விட்டுக் குடுத்தீங்களாமே!"

அவர் கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு எம் பையன் மூத்திரம் போனானுங்க சாமி! வாளி நெறையப் போனானுங்க!" சொல்லிவிட்டு அந்த அம்மாள் வெட்கமே இல்லாமல் அழுதாள். அந்தப் பாக்கியம் மோகனசுந்தரத்துக்கு நின்றுபோய் எத்தனையோ நாளாகிவிட்டது. பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பெட்டி கேட்டது: "தங்கள் எண்ணிலிருந்து தரப்பட்ட மறுப்பு தங்களுடைய பதில்தானா?"

அந்த அம்மாள் திகைத்துப் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ஏனுங்க இப்படிக் கேக்குது? நீங்க மனசாரச் சொன்னதுதானுங்களே? திருப்பி எடுத்துக்க மாட்டாங்களே?"

உடம்புக்குள் வைத்துத் தைத்ததை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அவருக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் அவள் பையனுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். பின்னால் கோகிலவாணி முதுகில் விரலால் குத்தினாள். "சொல்லுங்க. இல்லைன்னு சொல்லுங்க!"

அவர் வாயைத் திறந்தார். பஸ்ஸில் அத்தனை தடவை சொன்ன வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே அந்த முகம் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"நாந்தாங்க சொன்னேன்" என்றார். "நீங்க பயப்படாதீங்கம்மா."

"நன்றி. ஆள் குரல், உண்மைப் பதில்" என்றது பெட்டி. "தங்கள் மறுகுரலின் துல்லியம் உறுதி செய்யப்பட்டது. இனி எல்லா அழைப்புகளுக்கும் அதுவே பதில் சொல்லும்."

கோகிலவாணி அவரை ஒருபுறம் தள்ளிவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு வேணும்! நாஞ் சொல்றேன், எம் புருசனுக்கு வேணும்! அடுத்தது வந்தா அவருக்குத்தான்னு எழுதிக்கோ!"

"மன்னிக்கவும்" என்றது பெட்டி. "இந்த எண்ணுக்குரிய குரல் தங்களுடையதல்ல."