அப்பாவின் ரிமோட் கார்

கழற்றிப் போட்ட பழைய மோட்டார் சுட்டது. முப்பது வருஷமாக ஓடாத காரிலிருந்து பிடுங்கிய மோட்டார் எப்படிச் சுடும்? நாகஜோதி விரலை உதறிக்கொண்டாள். பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. அப்பா சம்பந்தப்பட்ட எது அவளைச் சுடாமல் விட்டிருக்கிறது?

சிங்கப்பூரிலிருந்து வந்த சிவப்புக் கார். அப்பா சுயம்புலிங்கம் அதைப் பிள்ளைகளைத் தொடவிட்டதில்லை. மார்க் குறைந்த நாளில் அவளையும் தம்பி ராம்குமாரையும் மூலையில் நிறுத்திவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடியே, ஏரியலை இழுத்து நீட்டி ரிமோட்டை அழுத்துவார். காரின் தகர மூக்கு கணுக்காலில் வந்து இடிக்கும். பின்வாங்கும். நிற்கும். மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. அப்படி அது நிற்பதுதான் கொடுமை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் செத்தார். நேற்று தம்பி காரைப் பெட்டியோடு ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து, "அப்பா ஞாபகமா நீ வச்சுக்கக்கா" என்றான்.

ஞாபகமாம்! மில்லில் தினமும் மோட்டார் கழற்றி மாட்டுகிறவள் அவள். இதையும் ஓடவைத்து, தன் கையாலேயே முழு வேகத்தில் சுவரில் மோதவிட்டுச் சிதறடிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மெனக்கெடல்.

மலைப்பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலமே வீடு இருட்டி, ஈயம் உருகும் வாடையும் நனைந்த மண்ணின் வாடையும் கலந்து, மூச்சு முட்டுகிற மாதிரி கூடத்தில் கனத்து நின்றன. தேய்ந்துபோன மோட்டார் இருந்த இடத்தில் புதியதை இறக்கி, பல்சக்கரத்தை மாட்டி, இரண்டு வயரையும் பற்றவைத்தாள். பேட்டரி போட்டாள். பெட்டியைக் கவிழ்த்துத் தேடிப் பார்த்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏலே, ரிமோட்டு எங்க?"

"அது அப்பா கையில இருக்குக்கா."

"என்னலே உளறுத?"

"நீ காட்டுக்கு வரலல்லா. அவியளுக்குப் பிடிச்ச சாமான்னு, கையில வச்சுத்தான் குழிக்குள்ள இறக்குனோம்."

"செத்தும் வெளையாட்டு கேக்குதோ அவருக்கு!" கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

தரையில் காரின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

முன்சக்கரங்கள் மெல்ல இடப்பக்கம் போயின. வலப்பக்கம் வந்தன. புது மோட்டார் முனகியது. பாய்ந்தது. கணுக்காலில் சுளீரென்று இடித்தது. பின்வாங்கியது.

நின்றது.

முதுகில் சுவர் பட்டபோதுதான் தெரிந்தது, அவள் தானாகவே மூலைக்குப் போயிருந்தாள். கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு. இந்த வயதிலும். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது அவளுக்கு.

"போதும் ஒம்ம ஆட்டம்!"

சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தாள். தகரம் நசுங்கியது. மறுபடி அடித்தாள். சக்கரம் தெறித்தது. கை ஓயும்வரை அடித்தாள்.

மோட்டார் அடங்கியது. மழை மட்டும்.

பிறகு, ஜன்னலுக்கு வெளியே.

டக். டக்.

பட்டனை அழுத்தி, கார் கேட்காததால் மறுபடி அழுத்துகிற சத்தம். டக் டக் டக். வரவர வேகமாக. வரவரக் கோபமாக.

ஜன்னல் கம்பிகளுக்கு இடையே, ஈரமண் அப்பிய ஏரியல் ஒன்று உள்ளே நுழைந்தது. கணுக்கணுவாக நீண்டது. இடப்பக்கம் தேடியது. வலப்பக்கம் தேடியது. அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.